சவுத்தாலிற் செய்த பேருந்தும் சுழற்சிப் பொருளாதாரமும்



சென்ற இலையுதிர்காலத்தில் ஒருநாள், நமது மேல்வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தபின் நம்மிடம் வந்து ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டாள். பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயில விண்ணப்பித்துக் கொண்டிருந்தவள் அவள். அவ்விண்ணப்பத்தில் 'சேர்க்குலர் எக்கொனமி' என்பதைப் பற்றி எழுதியிருந்தாளாம். "அம்மம்மாவுக்கு இதைத் தமிழிலே எப்படிச் சொல்லுறது, சேர்?" என்பதே அவளது வினா. 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த கிழமை திரும்பி வந்தாள். "சொல்லைக் கேட்டு அம்மம்மாவுக்கு ஒன்றும் விளங்கேல்லை. நான் விளங்கப்படுத்தினவுடனே, இதைப் படிக்கவோ யூனிவேர்சிற்றிக்குப் போறாய், நாங்கள் ஊரிலே செய்ததுதானே என்று சிரிக்கிறா" என்றாள்.

அம்மம்மா கூறியது பாதி உண்மை. அந்தப் பாதியையும், எஞ்சிய மற்றப் பாதியையும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்வோம். இன்று உலகில் நடைபெறும் உற்பத்தி பெரும்பாலும் ஒரு நேர்கோட்டை ஒத்தது. நிலத்திலிருந்து ஒன்றை அகழ்ந்தெடுக்கிறோம், ஆலையிற் பண்டமாக்குகிறோம், சிலகாலம் பயன்படுத்துகிறோம், பின்னர் எறிந்துவிடுகிறோம். கோட்டின் ஒரு முனையிற் சுரங்கம் வற்றுகின்றது. மறுமுனையிற் குப்பைமேடு உயர்கின்றது. இக்கோட்டை வளைத்து, எறிந்ததையே மீண்டும் பண்டத்துக்கு மூலமாக்குவது சுழற்சிப் பொருளாதாரம். 1976ஆம் ஆண்டில் சுவிற்சலாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாஹெல் என்பார், ஜெனிவீவ் ரெடே என்பாரோடு சேர்ந்து ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு ஓர் அறிக்கை அளித்தார். புதிய பண்டம் ஒன்றைச் செய்வதற்கு மிகுந்த சக்தியும் மூலப்பொருளும் வேண்டும். பழையதைத் திருத்துவதற்கு மனித உழைப்பே மிகுதியாக வேண்டும். ஆகவே பண்டங்களின் ஆயுளை நீட்டினால் சக்தி மிஞ்சும், வேலைவாய்ப்பும் பெருகும் என்பதே அதன் சாரம். பின்னர் 2005ஆம் ஆண்டிற் பாய்க்கப்பலில் தனியொருத்தியாக 71 நாள்களில் உலகைச் சுற்றிவந்து சாதனை படைத்த எலன் மக்காதர் என்னும் ஆங்கிலப் பெண்மணி, கடலோட்டத்தை விட்டுவிட்டு இக்கருத்தைப் பரப்புவதற்கென்றே ஓர் அறநிலையத்தை நிறுவினார். கப்பலில் ஏற்றிய உணவும் எரிபொருளும் தவிர வேறொன்றும் கிடையாத நடுக்கடலில், எல்லைக்குட்பட்ட பொருளைக் கொண்டு வாழ்தல் இன்னதென்று தாம் உணர்ந்ததாக அவர் பல இடங்களிற் பேசியுள்ளார்.

வட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும், அது ஒன்றன்று; ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த பல வட்டங்கள். ஒரு மரக்கதிரையின் கால் உடைந்ததென வைத்துக்கொள்வோம். காலை ஒட்டிச் செப்பனிட்டால் கதிரை கதிரையாகவே இருக்கும். அதனைத் துண்டாக்கி அரைத்துப் பலகையாக அழுத்தினால் மரம் மிஞ்சும். தச்சனின் உழைப்பு முழுவதும் போய்விடும். எரித்தாலோ சிறிது வெப்பம் மட்டுமே கிடைக்கும். உள்வட்டம் சிறியது, இழப்பும் சிறியது; வெளியே செல்லச் செல்ல இழப்புப் பெரிது. வீட்டு வாசலிலுள்ள நீலநிறத் தொட்டியில் எதையேனும் இட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மில் உளர். நீலத்தொட்டி வேண்டியதுதான், ஆயின் அது மிகவும் வெளியேயுள்ள வட்டங்களுள் ஒன்று என்பதை மாணவர் மறத்தலாகாது.

இனி அம்மம்மாவின் பாதிக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பனையோலையை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை மூத்தோர் அறிவர். ஓலை முதலிற் கூரையிலோ வேலியிலோ ஏறும். மழையும் வெயிலும் பட்டு உக்கியபின், அடுத்தமுறை வேலியடைக்கும்போது பழைய ஓலை தோட்டத்துக்குச் செல்லும். மண்ணிற் புதைக்கப்பட்டு எருவாகும். நிழலாகவும் மறைப்பாகவும் பயன்பட்ட பொருள், ஈற்றிற் பயிருக்கு உணவாயிற்று. 2002ஆம் ஆண்டில் வேதியியலாளர் மைக்கேல் பிறவுண்காட், கட்டடக் கலைஞர் வில்லியம் மக்டோனா என்னும் இருவர் வெளியிட்ட நூலொன்றில், பொருள்களின் சுழலை இரண்டாகப் பிரித்துக் காட்டினர். மண்ணுக்குத் திரும்பத் தக்கது உயிர்ச்சுழல். உலோகம், நெகிழி முதலியன ஆலைக்குத் திரும்பவேண்டியது தொழில்நுட்பச்சுழல். இரண்டையும் பிரிக்கவியலாதபடி கலந்துவிட்டால் எதுவும் எங்கும் திரும்பாது. பனையோலைக்கு மேல் நெகிழி பூசியிருந்தால் அது எருவாகியிராது. இன்று கோப்பிக் கடையிற் கிடைக்கும் கடதாசிக் குவளை இத்தகையதே. பார்ப்பதற்குக் கடதாசி, உட்புறத்திலோ மெல்லிய நெகிழிப் பூச்சு. சாதாரண கடதாசியோடு சேர்த்து அதனைக் கூழாக்குவது கடினமாவதற்கு இதுவே காரணம்.

ஓலையைக் காட்டிலும் நமக்கு அண்மையதான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து, எரிபொருள், மின்கலம், சவர்க்காரம், பசளை முதலிய எண்ணற்ற பொருள்கள் வடபகுதிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. அந்நாளிற் சிறுவராயிருந்த நாம் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தோம். வெறும் ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு. அப்பஞ்சில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். வளைத்த கம்பியொன்று தாங்கி நிற்கும் மெல்லிய நூல் திரி. போத்தலே காற்றைத் தடுக்கும் சிமினியுமாகும். சாதாரண விளக்கில் ஓரிரவுக்குப் போதாத எண்ணெய் இதிற் பல இரவுகளுக்குப் போதும். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் அயலவர் கூடி வானொலிச் செய்தி கேட்டனர். சுற்றுபவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். முக்கியமான இடத்திற் கை ஓய்ந்தமைக்காக ஏச்சு வாங்கிய அனுபவம் நமக்கும் உண்டு.

இவற்றை நினைவுகூரும்போது நம்மவரின் கெட்டித்தனத்தைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுவது வழக்கம். இத்தகைய மலர்களிலேயே அவ்வாறான கட்டுரைகள் பல வந்துள்ளன. ஆயின் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணையும் மார்பையும் வருத்தியது. மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்கள் விரைவிற் தேய்ந்தன, தெருவெல்லாம் புகை. மருந்துத் தட்டுப்பாட்டை எந்தக் கெட்டித்தனத்தாலும் ஈடுசெய்ய முடியவில்லை. தட்டுப்பாடு வேறு, திட்டமிட்ட வடிவமைப்பு வேறு. வறுமையாற் சிக்கனமாய் இருந்தவர்களைப் பார்த்து 'நீங்கள் அன்றே நிலைபேறாக வாழ்ந்தீர்கள்' என்று பாராட்டுவது அவர்களின் துன்பத்தைக் குறைத்து மதிப்பதாகும்.

எனினும் அக்காலத்திலிருந்து பொறியியல் மாணவர் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அது போத்தலில் இல்லை, காரில் இருக்கின்றது.

பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின், மொரிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்களே. பெற்றோல் கிடையாது, ஆதலாற் சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். தேய்வைக் குறைக்கச் சிறிது தாவர எண்ணெயும் கலந்தனர். இது எவ்வாறு இயன்றது? மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. எனவே தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டும். மேலும், எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உருளைக்குள் மிகுதியாக அமுக்கினால், மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே தீப்பற்றி இயந்திரத்தை உதறச்செய்யும். பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு; ஆதலால் அவை பொறுத்துக்கொண்டன. காபரேற்றர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஒரு திருப்புளியால் எரிபொருளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. இன்றைய கார் ஒன்றை அன்றைய யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருந்தால், அந்தத் திருத்துநர்கள் எவ்வளவு வல்லவராயினும் அது முற்றத்திற் கோழி அடையும் கூடாகவே முடிந்திருக்கும்.

ஒஸ்ரினை வரைந்தவர்கள் பேர்மிங்காம் நகருக்கு அண்மையில், லோங்பிரிட்ஜ் ஆலையில் வேலை செய்தவர்கள். தாம் வரைந்த வண்டி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முற்றுகைக்குள் மண்ணெண்ணெயில் ஓடும் என்று அவர்கள் கனவிலும் கண்டிரார். ஆயினும் அவர்கள் திருகாணியாற் பூட்டியதைத் திருகாணியாற் திறக்க முடிந்தது. நம் திருத்துநரின் கைத்திறன் பாதி. வரைபலகையில் எவரோ விட்டுவைத்த இடம் மறுபாதி. அம்மம்மா சொல்லாமல் விட்ட பாதி இதுவே. ஒரு பண்டம் திருத்தத் தக்கதா என்பது, அது பழுதுபட்ட அன்று தீர்மானிக்கப்படுவதன்று. அது வரையப்பட்ட அன்றே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. அதை வரைபவர் பொறியியலாளர். இதைப் படிக்கத்தான் பல்கலைக்கழகம் செல்லவேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று நாம் வாழும் ஊரிலேயே பிறந்தது.

சவுத்தாலின் கிழக்குப் பக்கத்திலுள்ள விண்மில் லேன் வழியே சென்றால், புரூணல் என்னும் பெரும் பொறியியலாளரின் இறுதிக்கால வேலைகளுள் ஒன்றாகிய மூன்று பாலங்களைக் காணலாம். 1859இல் முடிவுற்ற அவ்விடத்திற் கீழே இருப்புப்பாதை, அதன்மேல் கால்வாய், அதற்கும் மேலே தெரு என மூன்று வழிகள் ஒரே இடத்திற் குறுக்கிடுகின்றன. அதே விண்மில் லேன் பக்கத்தில், 1920களின் பிற்பகுதியிலிருந்து 1979 வரை ஏ.ஈ.சி. எனப்படும் கம்பனியின் மாபெரும் ஆலை இருந்தது. இலண்டன் மாநகரின் சிவப்புப் பேருந்துகளுக்கு வேண்டிய இயந்திரங்களும் அடிச்சட்டகங்களும் அங்கேதான் செய்யப்பட்டன. உங்கள் அஞ்சலட்டைகளிலும் திறப்புக்கோவைகளிலும் இன்றும் காணப்படும் 'ரூட்மாஸ்டர்' பேருந்தின் இயங்குறுப்புகள் இவ்வூரின் உழைப்பு. உடற்பகுதி இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள பார்க் றோயலிற் செய்யப்பட்டது.

ரூட்மாஸ்டரின் முதல் மாதிரி 1954இல் வெளிவந்தது. 1968 வரை 2,876 வண்டிகள் கட்டப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது இலண்டன் போக்குவரத்துச் சபையும் வேறு சில கம்பனிகளும் சேர்ந்து ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டின. மெல்லிய அலுமினியத் தகடே பாரத்தைத் தாங்கும்படி அமைக்கும் அறிவு அவ்வேலையிற் கிடைத்தது. போர் முடிந்தபின் அவ்வறிவு பேருந்துக்கு வந்தது. முன்னைய பேருந்தில் 56 பேர் இருந்து செல்லலாம். ரூட்மாஸ்டரிலோ 64 பேர். ஆயினும் நிறை கூடவில்லை. நிறை கூடாதாயின் எரிபொருள் மிஞ்சும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நாம் இங்கு வியப்பது அதன் நிறையையன்று, அது பிரிக்கப்படும் முறையையே. ரூட்மாஸ்டருக்கு முன்பின்னாக நீளும் ஒரு முழு அடிச்சட்டகம் கிடையாது. இயந்திரத்தையும் முன்சில்லுகளையும் தாங்கும் முன்சட்டகம் ஒன்று; பின் அச்சைத் தாங்கும் பின்சட்டகம் ஒன்று; இவ்விரண்டும் பூட்டப்படும் உடற்பகுதி. இலண்டனுக்கு வடக்கே ஓல்டனம் என்னுமிடத்திலிருந்த பெரும் பட்டறைக்குப் பேருந்துகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்றன. அங்கே உடலும் சட்டகங்களும் வேறாக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தன் தன் வரிசையிற் சென்று சுத்தமாகி, தேய்ந்த உறுப்பு மாற்றப்பட்டு, சோதிக்கப்பட்டது. சட்டகத்தைத் திருத்துவதற்கும் உடலைத் திருத்துவதற்கும் வேண்டிய காலம் ஒன்றன்று. ஆகவே, ஒன்றுக்காக மற்றொன்று காத்திராமல், எந்த உடல் முதலில் ஆயத்தமோ அதனை எந்தச் சட்டகம் ஆயத்தமோ அதன்மேற் பூட்டி அனுப்பினர். எல்லா உடலும் எல்லாச் சட்டகத்துக்கும் பொருந்தும்படி அளவு பிசகாமற் செய்யப்பட்டிருந்தமையால் இது இயன்றது. உள்ளே சென்ற பேருந்தின் இலக்கத்தோடு வெளியே வந்தது பெரும்பாலும் வேறு உடலும் வேறு சட்டகமும்! 'அப்படியாயின் அது அதே பேருந்தா?' என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். மெய்யியல் வகுப்பில் கேட்கவேண்டிய கேள்வி. நாம் விடை சொல்லாமல் நழுவிக்கொண்டோம்.

சவுத்தாலிற் செய்த பேருந்துகளை நம் மூத்தோர் பலர் இங்கு வருவதற்கு முன்னரே கண்டிருக்கிறார்கள். 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தபின், இலண்டனிற் பயன்படுத்தி முடிந்த இரட்டைத்தட்டுப் பேருந்துகள் பல நூறு கப்பலேறி இலங்கைக்குச் சென்றன. கொழும்பு நகரிற் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் இருந்தவர்கள் மேல்தட்டிற் காற்று வாங்கிச் சென்ற அந்த வண்டிகள் ரூட்மாஸ்டருக்கு முந்திய வகை, அவற்றுள் ஏ.ஈ.சி. அடிச்சட்டகம் கொண்டவை இந்த விண்மில் லேனிற் பிறந்தவை. 1980களின் இறுதியில் ரூட்மாஸ்டர்கள் சிலவும் இலங்கைக்குச் சென்றன. ஒரு நாட்டில் வேலை முடிந்த பண்டம் இன்னொரு நாட்டில் இரண்டாம் வாழ்வு பெறுவதும் சுழலின் ஒரு வட்டமே. ஆயின் அது ஏழை நாட்டின் முற்றத்திற் குப்பையைக் கொட்டும் வழியாகவும் ஆகலாம். இன்று பழுதான கணினிகளுக்கு அதுவே நேர்கின்றது. உதிரிப்பாகமும் திருத்தும் அறிவும் பண்டத்தோடு கூடச் செல்கின்றனவா என்பதே இரண்டையும் வேறுபடுத்துவது.

ரூட்மாஸ்டர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இலண்டன் தெருக்களில் ஓடியது. 1990களில் எஞ்சியிருந்த வண்டிகள் பலவற்றில் பழைய இயந்திரத்தைக் கழற்றிப் புதிய டீசல் இயந்திரம் பூட்டினர். 2005 டிசம்பர் 9ஆம் நாள், 159ஆம் இலக்கப் பாதையில், அதன் வழமையான சேவை முடிவுற்றது. ஏன் முடிந்தது என்பதையும் மாணவர் அறியவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் ஏற முடியாது. பின்புறத் திறந்த மேடையும் படியும் உடலின் அமைப்போடு ஒன்றியவை. இயந்திரத்தை மாற்றியதுபோல் அவற்றை மாற்ற முடியாது. நடத்துநர் ஒருவரும் வேண்டியிருந்தமையாற் செலவு மிகுந்தது. 1950களில் வரைந்தவர்கள் சக்கர நாற்காலியை எண்ணவில்லை. நீண்டகாலம் நிற்கும் பண்டத்தில், வரைந்தவரின் அறிவும் நீண்டகாலம் நிற்கும், அவரின் மறதியும் அவ்வாறே நிற்கும்.

இன்னுமொன்று. ஓல்டனம் பட்டறை 1986இல் மூடப்பட்டது. 1970களில் வாங்கப்பட்ட புதிய பேருந்துகள், உடல் வேறு சட்டகம் வேறாக எளிதிற் பிரிக்கத் தக்கனவாக வரையப்படவில்லை. பட்டறை இருந்தது, தொழிலாளர் இருந்தனர். ஆயின் அவர்களின் முறைக்குப் பொருந்தாத பண்டம் வந்து சேர்ந்தது. பண்டமும் பட்டறையும் ஒன்றையொன்று நினைத்து அமைந்தால் மட்டுமே வட்டம் சுழலும்.

'அப்படியாயின் எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பதுதான் நல்லதா?' என்று கேட்கலாம். இல்லை, அதைக் கணக்கிட்டுத்தான் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க கணக்கு ஒன்று இதோ. 3 கிலோவாற்று மின்கேத்தல் ஒன்றை ஒருதடவை 3 நிமிடம் கொதிக்க விட்டால் செலவாகும் சக்தி 0.15 அலகு. நாளொன்றுக்கு நான்கு தடவையாயின் 0.6 அலகு; ஆண்டொன்றுக்கு 219 அலகு. கைத்தொலைபேசியின் மின்கலம் ஏறத்தாழ 15 வாற்று மணி கொள்ளும் எனக் கொண்டு, நாள்தோறும் ஒருமுறை முழுதாக ஏற்றினாலும் ஆண்டுக்கு ஐந்தரை அலகுக்கு மேற் போகாது. ஏறக்குறைய நாற்பது மடங்கு வேறுபாடு! ஆகவே கேத்தலின் பாரம் பெரும்பாலும் அதன் பயன்பாட்டில் இருக்கின்றது. வேண்டிய அளவு நீரை மட்டும் கொதிக்க வைப்பதே அதற்கு மருந்து. கைத்தொலைபேசியின் பாரம் பெரும்பாலும் அதனைச் செய்வதிலேயே கழிந்துவிடுகின்றது. அதனை எத்தனை ஆண்டு வைத்திருக்கிறோம் என்பதே அங்கு கேள்வி. ரூட்மாஸ்டருக்கு உடலை வைத்துக்கொண்டு இயந்திரத்தை மட்டும் மாற்றியதன் நியாயமும் இதுவே: பாரம் எரிபொருளில் இருந்தது. இவ்வாறு அகழ்வதிலிருந்து எறிவது வரை ஒரு பண்டத்தின் முழு வாழ்வையும் அளந்து பார்க்கும் முறைக்கு வாழ்க்கைவட்ட மதிப்பீடு என்று பெயர், ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் அனைத்துலக நியமம் அதற்கு விதி வகுத்துள்ளது. நிலைபேறு பற்றிப் பேசுவோர் பலர். அளந்து பேசுவோர் சிலர். தொழில்நுட்பம் பயில்வோர் அச்சிலருட் சேரவேண்டும்.

இதனைப் பயில விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஏ லெவலிற் கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதன. மூன்றாவதாக இரசாயனத்தைத் தெரிவோரைப் பலர் வைத்தியத்துறைக்கு என்றே எண்ணுகின்றனர். எந்த நெகிழியை எதனோடு ஒட்டினால் பின்னர் பிரிக்கலாம், எந்தப் பூச்சு எந்த உலோகத்தைக் கெடுக்கும் என்பதெல்லாம் இரசாயனமே. பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப்பட்டம் தேடவேண்டிய கட்டாயமில்லை. இயந்திரப் பொறியியல், பொருள்சார் பொறியியல், கைத்தொழில் வடிவமைப்பு ஆகிய எதனூடாகவும் வரலாம். இந்நாட்டுப் பொறியியல் மன்றம் விதித்துள்ள தகைமை நியமத்தில், நிலைபேறான அபிவிருத்திக்கு உதவும் வகையிற் தொழில் செய்வது பட்டயப் பொறியியலாளருக்கு மட்டுமன்றி, பொறியியல் தொழில்நுட்பவியலாளருக்கும் உரிய கடமையாகக் கூறப்பட்டுள்ளது. சட்டமும் அத்திசையிற் செல்கின்றது. 2021 யூலை 1 முதல் இந்நாட்டிற் சலவை இயந்திரம், குளிரூட்டி முதலியவற்றைச் செய்வோர் உதிரிப்பாகங்களைக் குறித்த ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்தல்வேண்டும் என விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டமோ, 2027 பெப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் மின்கலம் பயனாளரே கழற்றி மாற்றத் தக்கதாய் இருத்தல்வேண்டும் என்கின்றது. பசையால் ஒட்டி மூடிய கருவிகளை வரைந்தவர்கள் இனி மீண்டும் திருகாணியை நினைக்கவேண்டிவரும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதைச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். ஊரில் ஆசிரியராயிருந்த காலத்தில், படியாத மாணவனைப் பார்த்து 'நீ கராச்சுக்குத்தான் போவாய்' என்று நாமும் ஏசியிருக்கிறோம். அவ்வாறு ஏச்சு வாங்கியவர்களுட் சிலர் உண்மையிலேயே கராச்சுக்குப் போயினர். நாம் பாடசாலைக்குச் சென்ற மோட்டார்ச் சைக்கிளையும், நோயாளரை ஏற்றிச்சென்ற வான்களையும் ஓடவைத்தவர்கள் அவர்களே. அன்று நாம் இழிவாகக் காட்டிய கையறிவு, இன்று இந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் 'பிரித்தெடுப்பதற்கான வடிவமைப்பு' என்னும் பெயரிற் பாடமாகின்றது. பிள்ளை ஒருவன் பட்டப்படிப்புக்கு மாறாகத் தொழிற்பயிலுநராகச் சேர விரும்பினால், 'சனம் என்ன சொல்லும்' என்று உடனே தடுக்கவேண்டாம். பயிலுநராய்ச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே பட்டம் பெறும் வழியும் இங்கு உண்டு. பழுதை ஒருபோதும் கையாற் தொட்டிராத பொறியியலாளர் வரைந்த பண்டம் எப்படியிருக்கும் என்பதை, உங்கள் வீட்டு வெற்றிடத் துப்புரவாக்கியின் மூடியைத் திறக்க முயன்றவர்கள் அறிவார்கள்.

தமிழ் ஆசிரியராய் ஒன்றும் சொல்லாமல் விட மனமில்லை. யாழ்ப்பாணத்தில் 'திருத்துதல்' என்றால் துவிச்சக்கர வண்டியைத் திருத்துவதும் அதுவே, மாணவரின் கொப்பியைத் திருத்துவதும் அதுவே. 'பழுதுபார்த்தல்' என்பது இன்னும் நுட்பமான சொல். பழுதை நீக்குதல் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. பார்த்தல் என்றே சொன்னார்கள். முதலிற் திறந்து பார்க்கவேண்டும். பார்க்க முடியாதபடி மூடிய பண்டத்தைப் பழுதுபார்க்க முடியாது. மேற்சொன்ன மாணவியிடம் இதைச் சொல்லி, அம்மம்மாவிடம் சொல்லும்படி அனுப்பினோம். அம்மம்மா தமது பிறெசர் குக்கரைக் காட்டினாராம். இறப்பர் வளையமும் கைப்பிடியும் பலமுறை மாறியிருக்க, பானை மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே பானையாம்.

வருடவிழா முடிந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கும்போது, மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிற் பழுதான சிறிய பொருள் ஒன்றைக் கொண்டுவருக. பழைய மணிக்கூடு, விளையாட்டுப் பொருள், கைவிளக்கு, கணினியின் விசைப்பலகை போன்றவை ஏற்றவை. சுவர் மின்சாரத்தில் நேரே பூட்டும் பொருள்களும், தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியனவும் வேண்டா. அணைத்த பின்னரும் அவற்றுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். கைத்தொலைபேசியும் வேண்டா, அதன் மின்கலம் கீறுபட்டாற் தீப்பற்றும். கொண்டுவரும் பொருளில் மின்கலம் இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிட்டு வருக. வகுப்பில் அதைத் திறந்து, எத்தனை திருகாணி, எத்தனை இடத்திற் பசை, எத்தனை வகைப் பொருள், முதலிற் தேய்ந்த உறுப்பு எது, அதை மட்டும் தனியே மாற்ற முடியுமா என்பவற்றை ஒரு பக்க அளவில் தமிழில் எழுதவேண்டும். உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தெரியாவிடின் அம்மம்மா, அம்மப்பாவிடம் கேட்டு எழுதலாம். ஒரே உறுப்புக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் கிடைத்தால் இரண்டையும் எழுதுக. நாம் திறக்கவே முடியாத பொருள்களை, இலண்டனில் றீஸ்ராட் புறொஜெக்ற் என்னும் அமைப்பினர் நடத்தும் திருத்தற் சந்திப்பு ஒன்றுக்கு எடுத்துச் செல்லலாம் என எண்ணியுள்ளோம். பெற்றோருள் மின்வேலை, கார்வேலை, தையல் இயந்திர வேலை தெரிந்தவர்கள் வந்து உடனிருந்தால் பேருதவியாயிருக்கும். திருப்புளிகள் வகுப்பில் உண்டு. கழற்றிய திருகாணிகள் உருண்டு தொலையாதிருக்க, ஒவ்வொருவரும் ஒரு சிறு கிண்ணம் கொண்டுவருக.